மைக்கைத் தேடி நடந்த இரண்டு அடி

2009, ஆனி மாதம். தனுஷ்கோடியில் கூரை போய் சுவர் மட்டும் நிற்கிறதே அந்தத் தேவாலயம், அதற்கு முன்னால்தான் எனக்கு முதல் ஷாட். இப்போது போல அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை கிடையாது. அது 2017-ல்தான் வந்தது. முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, மணலில் குலுங்கிக்கொண்டே போகும் வேனில் ஏறி, விடிவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

எனக்குக் கொடுத்தது மீனவர் வேஷம். ஒரே ஒரு வரி: "நேத்து ராத்திரி போன வள்ளம் இன்னும் கரை சேரல." அதைச் சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஃபோகஸ் பார்க்கிற பையன் நான் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினான். மணலில் டேப் ஒட்டாது என்று ஒரு வெள்ளைச் சிப்பியை அழுத்திப் பதித்து, "அண்ணே, கால் இதுல இருக்கணும். இதத் தாண்டுனா அவுட் ஆயிரும்" என்றான். தலையாட்டினேன். "ரோலிங்" என்றார்கள். வரியைச் சொன்னேன். "கட், ஒன் மோர்." மறுபடி சொன்னேன். மறுபடி ஒன் மோர். நான்காவது தடவை உதவி இயக்குநர் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "வரி நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா பேச ஆரம்பிக்கும்போது ஏன் ரெண்டு அடி முன்னால வர்றீங்க?"

நான் முன்னால் வந்ததே எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால் சிப்பி என் குதிகாலுக்குப் பின்னால் கிடந்தது.

அன்று ராத்திரி ராமேஸ்வரம் லாட்ஜில் தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் காரணம் பிடிபட்டது. என் கால் மைக்கைத் தேடிப் போயிருக்கிறது. ஏழு வருஷம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டிய கால் அது. வசனம் என்றால் மேடையின் முன்னால் நிற்கிற மைக்குக்குப் போ என்று அதற்குப் பழகிவிட்டது.

எங்கள் பக்கத்து நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோயில் திருவிழா என்றால் ஒரு ராத்திரி நாடகம் இருக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம். இல்லாவிட்டால் பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா. எல்லாவற்றுக்கும் மூலவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் மறைந்தவர். அவர் கட்டிக் கொடுத்த கதையும் பாட்டும் தர்க்கமும்தான் நூறு வருஷம் தாண்டியும் எங்கள் பொட்டலில் விடிய விடிய ஓடுகிறது.

ஸ்பெஷல் என்ற பெயருக்குக் காரணம் உண்டு. இதில் நிரந்தரமான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேதி கேட்டு, அட்வான்ஸ் கொடுத்து, ஏஜெண்ட் பிடித்து வருவார். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போதுதான் இன்றைக்கு யாரோடு நடிக்கப் போகிறேன் என்றே தெரியும். அரிதாரம் பூசிக்கொண்டே, "மதினி, நம்ம எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பதுதான் ஒத்திகை. பத்து மணிக்கு பபூன் மேடையேறினால் டான்ஸ் கட்டுபவர் வந்து சேர்ந்து, பாட்டும் சண்டையுமாக நள்ளிரவு வரை போகும். பிறகு நாரதர் வருவார், வள்ளியோடு தர்க்கம். முருகன் வேடனாக வரும்போது மணி இரண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அந்தத் தர்க்கம் முடிந்து கிழவன் வேஷம், யானை, கல்யாணம் என்று வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

இதில் யாரும் எழுதி வைத்ததை ஒப்பிக்க முடியாது. கதை தெரியும், பாட்டு தெரியும். நடுவில் வருவதெல்லாம் அந்த நிமிஷத்தில் பிறப்பது. எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று தெரியாமல், அவர் கேட்ட சொல்லின் வாலைப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். இது மனப்பாட வித்தை இல்லை, காது வித்தை. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஸ்திரீபார்ட் அக்கா. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

நான் கட்டிய மூன்றாவது நாடகமோ நான்காவதோ, திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அன்றைக்கு டான்ஸ் வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று அக்காவே அந்தப் பகுதியையும் செய்தார். நான் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்த சிரிப்பு வசனங்களை ஒன்று விடாமல் இறக்கினேன். அக்கா எதையோ கேட்டார், நான் வேறெதையோ சொன்னேன். கூட்டம் ஒன்றிரண்டு இடத்தில் சிரித்தது, பிறகு அடங்கிவிட்டது. மேடைக்குப் பின்னால் தட்டிக்குள் போனதும் அக்கா ஒரு தம்ளர் சுக்குக் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நீ சொல்றத அந்தச் சனம் கேக்கணும்னா, நான் சொல்றத மொதல்ல நீ கேளு தம்பி. நீ கேக்குறது அவுகளுக்குத் தெரியும். பாய்ல படுத்துக் கெடக்குறவனுக்குக்கூடத் தெரியும்."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடிப்பைப் பற்றி அதைவிட உபயோகமான ஒரு சொல்லை நான் இன்னும் கேட்கவில்லை.

நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "குறைச்சுக்க." குரலைக் குறை, கையைக் குறை, புருவத்தைக் குறை. அது தப்பில்லை. ஆனால் குறைப்பது ஒரு வாரத்தில் வந்துவிடும். எனக்கே சிப்பியை மிதித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் மூன்றாம் நாளில் வந்துவிட்டது. எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் காதைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு என்னிடம் இருக்கும் பெரிய சாட்சி எங்கள் மாவட்டத்துக்காரர்: செந்தில்.

முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர்க்காரர். 1951-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய், எண்ணெய்க் கடையில் வேலை பார்த்து, பிறகு மதுக்கடையில் எடுபிடியாக இருந்து, அங்கிருந்து நாடகக் கம்பெனிக்குள் நுழைந்தவர். 1979-ல் திரையில் முகம் தெரிய ஆரம்பித்தது. கவுண்டமணியும் நாடகத்திலிருந்து வந்தவர்தான். இருவருக்கும் பல படங்களில் நகைச்சுவைப் பகுதி எழுதிய ஏ. வீரப்பனும் மேடையிலிருந்து வந்த நடிகர். ஆக அந்த மூன்று பேரும் சேர்ந்து செய்தது, சினிமாவுக்குள் வைத்த ஒரு நாடக மேடை என்றுதான் நான் பார்க்கிறேன்.

1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். எல்லோரும் கவுண்டமணி பேசியதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நான் உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. அடுத்த முறை பார்க்கும்போது கவுண்டமணியை விட்டுவிட்டு, செந்திலின் முகத்தை மட்டும் பாருங்கள். விளக்கு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ள வந்த மனிதனின் முகம் அது. கவுண்டமணி மேன்டிலைக் காட்டி விளக்கம் சொல்லும்போது, செந்தில் அதைக் கேட்கிறார். நடிப்புக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறார். கேட்டு முடித்து, சந்தேகம் தீராமல், கை அந்த மேன்டிலை நோக்கிப் போகிறது. அந்தக் கையில் எந்த விஷமமும் இல்லை. விஷமம் இருந்திருந்தால் அது சாதாரணச் சேட்டையாகப் போயிருக்கும். மேன்டில் பொடிப் பொடியாக உதிரும்போதும் அந்த முகத்தில் சந்தேகம் தீரவில்லை. நாம் சிரிப்பது அதற்காகத்தான்.

கரண்ட் வராத காலத்தில் எங்கள் ஊர் நாடகத்துக்கு வெளிச்சமே அந்தப் பெட்ரோமாக்ஸ்தான். ஊர்ப்பேச்சில் பெட்ருமாஸ். வாடகைக்கு எடுத்து வருவார்கள். காற்று கூடினால் புஸ்ஸென்று அடங்கும், ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து பம்ப் அடித்துக்கொண்டிருப்பார். மேன்டிலில் கை பட்டால் போச்சு என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட ஊர்களில் அந்தக் காட்சி ஓடியபோது கொட்டகை என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐந்து வருஷம் கழித்து 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சி. அதிலும் அதே கணக்குத்தான். கவுண்டமணி எவ்வளவு கத்தினாலும் செந்திலின் குரல் ஏறுவதில்லை. கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு, தனக்குத் தெரிந்த ஒரே பதிலைத் திரும்பவும் சொல்கிறார். எதிராளியின் ஆட்டத்தை அளந்து, அது உச்சிக்குப் போகிற வரைக்கும் காத்திருந்து, சரியான இடத்தில் ஒரு சொல்லை வைப்பது. எங்கள் மேடையில் பபூனும் டான்ஸும் செய்வது அதுதான். அடி வாங்குகிற ஆள் என்று செந்திலைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். அடிக்கிற ஆளுக்குத் தாளம் பிடித்துக் கொடுத்தவர் அவர்.

எங்கள் மாவட்டத்தின் இன்னொரு பெயரை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆனால் அவர் கதை தலைகீழ். பரமக்குடியில் 1954 நவம்பர் 7-ல் பிறந்த கமல்ஹாசன் முதலில் சினிமாவுக்குப் போய், பிறகுதான் மேடைக்கு வந்தார். 1960-ல் ஏவி.எம்.மின் 'களத்தூர் கண்ணம்மா'. ஐந்து வயதுப் பிள்ளை, சாவித்திரிக்கும் ஜெமினி கணேசனுக்கும் மகன். ஜனாதிபதி விருது. அடுத்த மூன்று வருஷத்தில் 'பார்த்தால் பசி தீரும்', 'பாத காணிக்கை', 'ஆனந்த ஜோதி' என்று ஓடிவிட்டு, குழந்தைப் பருவம் தாண்டியதும் வாய்ப்பு நின்றது. குழந்தை நட்சத்திரங்கள் பலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். இவர் போய்ச் சேர்ந்தது டி.கே.எஸ். நாடக சபாவில்.

அங்கேதான் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கிற இடத்துக்கு வருகிறது. டி.கே. சண்முகமும் அவர் சகோதரர்களும் யார்? 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்களாகப் போய்ச் சேர்ந்தவர்கள். 1925-ல் சொந்த சபா கண்டார்கள். சண்முகம் கிழவி வேஷம் கட்டி ஔவையாராக நடித்து, கடைசி வரை ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். கமல் 1996-ல் தன் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது அந்த ஆசிரியருக்குச் செய்த வணக்கம்.

அப்படியென்றால் சுவாமிகள் நட்ட மரத்தில் இரண்டு கிளை. ஒன்று, பாய்ஸ் கம்பெனி. வாத்தியார், பிரம்பு, ஒத்திகை, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், ஒரு சொல் மாறினால் தண்டனை. டி.கே.எஸ். அதை நவீன நாடகமாக வளர்த்தெடுத்தது. இன்னொன்று, ஒத்திகையே இல்லாத எங்கள் ஸ்பெஷல் நாடகம். பரமக்குடியில் பிறந்த பிள்ளை சென்னையில் முதல் கிளையின் நிழலில் வளர்ந்தார். அதே பரமக்குடியைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் இரண்டாவது கிளை இன்றைக்கும் பூக்கிறது. தாத்தா ஒருவரே.

பழைய கதையை ரொம்ப இழுக்கப் போவதில்லை. தமிழ் பேசும்படம் பிறந்ததே நாடகத்தின் மடியில் என்பது தெரிந்த விஷயம். 1931-ல் வந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக நடிகை. 1934-ல் 'பவளக்கொடி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் பாடிக்கொண்டிருந்ததைத்தான் படத்திலும் பாடினார்கள், ஐம்பது பாட்டு. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து 1936-ல் 'சதிலீலாவதி'க்குப் போனார். சிவாஜியும் எஸ்.எஸ். ராஜேந்திரனும் மேடையிலிருந்து வந்து 1952-ல் 'பராசக்தி'யில் சேர்ந்தார்கள்.

இவர்களையெல்லாம் எனக்கு முதலில் தெரிந்தது குரலாகத்தான். அப்போது இலங்கை வானொலி எங்கள் கடற்கரையில் சென்னை வானொலியைவிடத் தெளிவாகக் கேட்கும். சின்ன வயதில் நான் படங்களைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஒலிச்சித்திரம் போடும்போது அப்பா உப்பளத்திலிருந்து வந்த காலோடு, உப்பு காய்ந்து வெள்ளை பூத்த காலோடு, திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். முகம் தெரியாமல் குரலை வைத்தே யார் பொய் சொல்கிறார்கள், யார் அழுகையை அடக்குகிறார்கள் என்று சொல்லிவிடுவார். மேடையில் பழகியவர்களின் குரல் அப்படி இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் என்னை அறுக்கிறது. அந்தக் காலத்தில் மேடையிலிருந்து சினிமாவுக்குப் பெண்களும் போனார்கள், ராணி மாதிரிப் போனார்கள். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். கணவர் கிட்டப்பா இறந்தபின் ஆண்களோடு ஜோடியாக நடிக்க மாட்டேன் என்றவர், நந்தனாராகத் தானே ஆண் வேஷம் கட்டினார். அப்படி ஒரு வாசல் திறந்திருந்தது. இன்றைக்கு ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாக நிற்கும் பெண்கள், மூன்று மணி நேரம் தர்க்கம் செய்து, முருகனையே மடக்குகிற பெண்கள், அவர்களில் எத்தனை பேருக்கு சினிமாவில் ஒரு கௌரவமான வேஷம் கிடைக்கிறது? பெண் மேடையில் நின்றாலே ஒரு மாதிரி பேசும் ஊர் இது. விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வீடு திரும்புகிறார்கள். அக்காவை ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். போனார். கூட்டத்தில் குலவை போடுகிற கிழவிகளில் ஒருவராக நிற்கவைத்தார்கள். சாயங்காலம் பேட்டாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அதைச் சொன்னபோது கோபம் எதுவும் இல்லை. "மைக்கே இல்ல தம்பி, நான் என்னத்தப் பேச?" என்று மட்டும் சொன்னார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். தனுஷ்கோடியில் எடுத்த காட்சிக்கு டப்பிங் பேச சென்னைக்குக் கூப்பிட்டார்கள். சாலிகிராமத்தில் ஒரு சின்ன தியேட்டர். ஏசி குளிர், இருட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். திரையில் என் உதடு அசைகிறது, அதற்கு நான் குரல் கொடுக்க வேண்டும். என் முகத்துக்கு நேராக ஒரு மைக். ஏழு வருஷமாக நான் தேடித் தேடிப் போன மைக் கடைசியில் என் மூக்குக்கு முன்னால் தொங்குகிறது, பேச்சு வரவில்லை. உதடு சேர்ந்தால் உயிர் இல்லை, உயிர் வந்தால் உதடு சேரவில்லை. பதினாறு, பதினேழு டேக் போயிருக்கும்.

கடைசியில் நான்தான் கேட்டேன்: "சார், எனக்கு முன்னால ஹீரோ ஒரு கேள்வி கேப்பாருல்ல, அத மட்டும் காதுல போட முடியுமா?"

ஷூட்டிங்கில் பதிவான பைலட் ட்ராக்கிலிருந்து அந்தக் கேள்வியை ஹெட்போனில் விட்டார். பின்னால் கச்சான் காற்று இரைகிறது, நடுவில் அந்தக் குரல், "எப்ப போனாங்க?" என்று. கேட்டது காதில் விழுந்ததும் பதில் தானாக வந்துவிட்டது. ஒரே டேக். இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருப்புல்லாணிப் பக்கத்து மேடையில் அக்கா கொடுத்த சுக்குக் காப்பி வாசம் அந்த ஏசி அறைக்குள் அடித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் வந்துவிட்டேன். டீக்கடைக்காரர், ஏட்டையா, பஞ்சாயத்தில் மூன்றாவது ஆள், பிணத்துக்குப் பக்கத்தில் அழுகிற சித்தப்பா. பெரிய வேஷம் எதுவும் இல்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் எதிரில் இருப்பவரைக் கேட்டேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பையன் போன மாதம் பேசினான். வீட்டில் விசைப்படகுத் தொழில். இரண்டு வருஷமாக பபூன் கட்டுகிறான். சினிமாவுக்குப் போக வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டான். இதே கேள்வியைப் பலர் கேட்பதால், அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

சென்னைக்குப் போவதென்றால் வடபழனியில் அறை எடுத்து ஆபீஸ் ஆபீஸாக போட்டோ கொடுத்துக்கொண்டு திரிவதை மட்டும் நம்பாதே என்றேன். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை மாதிரி ஒரு இடம் எவ்வளவு பேரை உருவாக்கியிருக்கிறது. பசுபதி, கலைராணி, மதுரைப் பக்கத்து குரு சோமசுந்தரம், எல்லோரும் வருஷக்கணக்கில் அங்கே உடம்பையும் குரலையும் உழுது போட்ட பிறகுதான் சினிமாவுக்கு வந்தார்கள். 'ஆரண்ய காண்டம்' படத்தில் குரு சோமசுந்தரம் அந்த ஏழை அப்பனாக வந்து நிற்பது ஒரே நாளில் வந்ததில்லை. விஜய் சேதுபதி அங்கே கணக்குப் பார்க்கப் போய்ச் சேர்ந்து, நடிப்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தே கற்றுக்கொண்டவர். மேடையிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் பெருநாழி வேல ராமமூர்த்தி எழுத்திலிருந்து வந்தவர். 2013-ல் 'மதயானைக் கூட்டம்' படத்தில் வந்து நின்றார். இந்த மண்ணின் பேச்சைக் காதில் வாங்கி, காகிதத்தில் எழுதி எழுதிப் பழகிய மனிதர், வாயால் பேசும்போது வேறு எப்படி இருக்கும்?

நாடக நடிகர்களும் நடிகர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறார்கள், அதை விசாரித்து வைத்துக்கொள் என்றும் சொன்னேன். வேஷத்துக்காக முன்பணம் கேட்கிற கோ-ஆர்டினேட்டரிடம் ஒரு பைசா கொடுக்காதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

அவன் கேட்டான்: "அண்ணே, அப்ப நாடகத்த விட்டுரணுமா?"

"எதுக்குடா விடணும்? பங்குனியிலருந்து ஆடி வரைக்கும் இங்க கட்டு. மிச்ச நாள்ல அங்க போ."

அந்தக் கணக்கு எங்கள் கரைக்கு ரொம்பப் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் பாம்பனிலும் மண்டபத்திலும் நங்கூரம் போட்டுக் கிடக்கும், ஆட்கள் கரையில் இருப்பார்கள். திருவிழா, முளைப்பாரி, நாடகம் எல்லாம் அந்த வெயிலில்தான் குவியும்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் அவன் நாடகத்தைப் பார்க்கவே போனேன். மண்டபம் தாண்டி ஒரு கடலோர ஊர். கூட்டத்தோடு மணலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பொரிகடலை கொறித்துக்கொண்டிருந்தார். பத்தேகாலுக்குப் பையன் பாட்டோடு மேடையேறினான். நல்ல குரல். மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தயார் செய்து வந்த வசனத்தை மளமளவென்று கொட்டினான். டான்ஸ் கட்டியவர் நாற்பது வயதுப் பெண். பொறுமையாக இடம் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் மேடையேறி அவனுக்கு நூறு ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போனார்.

பதினொன்றரை இருக்கும், கரண்ட் போனது.

மேடை, மைக், சீரியல் பல்பு எல்லாம் ஒரே நேரத்தில் அவிந்தது. கடல் இரைச்சல் திடீரென்று பக்கத்தில் வந்த மாதிரி கேட்டது. நாலைந்து பேர் செல்போன் வெளிச்சத்தை மேடைப் பக்கம் பிடித்தார்கள். பையன் என்ன செய்வதென்று தெரியாமல் செத்த மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து, மைக் இல்லாமல், நெஞ்சுக்குரலில் அவனை ஒரு கேள்வி கேட்டார்: "ஏய்யா, வெளிச்சம் இருந்தப்ப அம்புட்டுப் பேசுனியே, இருட்டுனதும் வாய யாரு எடுத்துட்டுப் போனா?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. பையன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்தான். அவர் முகத்தைப் பார்ப்பதற்காக, அவர் பக்கமாக இரண்டு அடி பின்னால் போனான். ஆர்மோனியக்காரர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தோம்.

ஜெனரேட்டர் வர இருபது நிமிஷம் ஆனது. ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை.